கக்கூசில் முழுசாக வந்த குளிசை: எஸ்.ஆர். மெட்போமின் வேலை செய்கிறதா இல்லையா?

வாவிக்கரை மகள் | ஞாயிறு, இரவு 9.40

சொல்லக் கூச்சமான விஷயம்தான், ஆனால் வேறு எங்கே கேட்பது என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு 71 வயது. சீனி வருத்தம் வந்து பதினான்கு வருடம். கிளினிக்கில் தருகிற சாதா மெட்போமின் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. போட்டால் வயிற்றோட்டம். கோயிலுக்குப் போனாலும் முதலில் கக்கூசு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் கும்பிடப் போவார். அதனால் போன மாதம் டொக்டர் அதே மெட்போமினை எஸ்.ஆர்., அதாவது மெதுவாக மருந்து விடுகிற குளிசை, என்று எழுதித் தந்தார். 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, இரவுச் சாப்பாட்டோடு. வெளியே பாமசியில் காசுக்கு வாங்குகிறோம். ஓட்டம் நின்றது. காலையில் சாப்பிட முன் பார்த்த சீனி 190இல் இருந்து 152க்கு வந்தது.

போன செவ்வாய்க்கிழமை விடிய, "இஞ்சே ஓடி வா கா" என்று ஒரு கூப்பாடு. போய்ப் பார்த்தால் கொமட்டில் ஒரு வெள்ளைக் குளிசை. அதே நீளம், அதே உருண்ட முனை, கொஞ்சம் ஊதி வழுவழு என்று கிடக்கிறது. "காசு குடுத்து வாங்குறது அந்தப் பக்கத்தால போய் இந்தப் பக்கத்தால முழுசா வருது பார்" என்றார் அம்மா.

அன்று இரவு வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைக்கும்போது டொக் டொக் என்று சத்தம். அம்மாவுக்குப் பல் இல்லை, வெற்றிலை போடுவதற்குச் சின்னப் பாக்குரல் ஒன்று வைத்திருக்கிறார். அன்று அதற்குள் இருந்தது பாக்கு இல்லை, குளிசை. மாவாக இடித்து, தேனில் குழைத்து, நக்கிவிட்டுப் படுத்தார். சீனி வருத்தத்துக்குத் தேன், அதை என்ன சொல்ல. இப்படி ஐந்து நாள் நடந்திருக்கிறது. ஓட்டம் திரும்ப வந்துவிட்டது.

அந்தக் குளிசை வேலை செய்ததா இல்லையா? இடித்துக் கொடுக்கலாமா?

படுவான்கரைப் போடி | ஞாயிறு, இரவு 9.58

எனக்கும் வந்திருக்கிறது தங்கச்சி. ஒருவருக்கும் சொல்லவில்லை. நன்றி.

சந்தேகப் பிராணி | ஞாயிறு, இரவு 10.15

உள்ளே போனது முழுசாக வெளியே வந்தால் அது வேலை செய்யவில்லை. இதைச் சொல்ல டொக்டர் படிப்புத் தேவையில்லை. எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எம்.ஆர். என்று வாலில் இரண்டு எழுத்தை ஒட்டி அதே மருந்தை விலை கூட்டி விற்கிறார்கள். உங்கள் அம்மா கெட்டிக்காரி.

குளிசைக்கடைக்காரன் | ஞாயிறு, இரவு 11.20

முதலில் அவசரமானது: தங்கச்சி, இன்று இரவே இடிப்பதை நிறுத்துங்கள். ஓட்டம் திரும்ப வந்ததற்குக் காரணம் அந்த உரல்தான் என்று நினைக்கிறேன். ஓட்டம் கடுமையாக இருந்தால், சத்தி எடுத்தால், உடம்பில் தண்ணீர் காய்ந்துபோனால் மெட்போமினைத் தொடர முன் டொக்டரோடு பேசுங்கள்.

நான் கல்முனைப் பக்கம் பாமசியில் பதினெட்டு வருடம் நிற்கிறேன். இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒரு தடவையாவது வரும். அனேகமாகக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, மெதுவான குரலில்.

அம்மா பார்த்தது குளிசையின் கோது. மருந்து அதிலிருந்து கரைந்து போய்விட்டது.

நம்மூரில் சர்பத்துக்குள் போடுகிற கசகசா விதையை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்திருக்கும்போது கறுப்புப் புள்ளி. தண்ணீரில் விழுந்தால் சுற்றிவர வழுவழுப்பான கண்ணாடிச் சட்டை ஒன்று போட்டுக்கொள்ளும். எஸ்.ஆர். மெட்போமினில் பெரும்பாலானவை இதே வேலையைத்தான் செய்கின்றன. மருந்துத் தூளை ஹைப்ரோமெல்லோஸ் என்ற ஒரு பொருளோடு கலந்து அழுத்தியிருப்பார்கள். அது தாவர நாரிலிருந்து செய்வது, நம் குடலால் செரிக்க முடியாதது. வயிற்றில் ஈரம் பட்டதும் வெளிப்பக்கம் ஊறிக் களியாகும். மருந்து அந்தக் களிக்குள்ளால் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து வெளியே வரும். ஈரம் உள்ளே உள்ளே போக, அடுத்த பகுதி மருந்து கரையும். மணிக்கணக்கில் நடக்கிற வேலை இது. கடைசியில் மருந்து போனபின் களி மட்டும் மிஞ்சும். சிலருக்கு அது உடைந்து மலத்தோடு கலந்துவிடும், சிலருக்கு உருவம் குலையாமல் வரும். மெட்போமின் எக்ஸ்.ஆர். (எஸ்.ஆர். மாதிரியே மெதுவானது, பெயர்தான் வேறு) உறைக்குள் வருகிற தாளிலேயே இது எழுதியிருக்கும், அந்தப் பொடி எழுத்தை யார் வாசிக்கிறார்கள்?

உரலில் போட்டு இடித்தால் அந்தக் களி உண்டாக வழியில்லை. பல மணி நேரத்துக்கு என்று வைத்த மருந்து முழுவதும் ஒரேயடியாகக் கொட்டும். அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாத சாதா மெட்போமினை, ஆயிரம் மில்லிகிராமாக ஒரே வாயில் கொடுத்த மாதிரி.

வாவிக்கரை மகள் | திங்கள், காலை 6.05

நன்றி அண்ணன். உரலை ஒளித்துவிட்டேன். வெற்றிலை போட முடியாமல் அம்மா என்னோடு பேசுகிறார் இல்லை.

இன்னொன்று. ஏன் இரவுச் சாப்பாட்டோடுதான் என்று டொக்டர் அழுத்திச் சொன்னார்? அம்மா ஏழு மணிக்குப் புட்டு சாப்பிடுவார், நாடகமெல்லாம் முடிந்து பத்தரைக்குத்தான் குளிசை போடுவார்.

குளிசைக்கடைக்காரன் | திங்கள், மதியம் 1.30

அதுதான் இந்தக் குளிசையின் சூட்சுமமே. சாப்பாட்டு நேரம், கை ஓய்ந்திருக்கிறது, விளக்கமாக எழுதுகிறேன்.

மெட்போமின் குடலில் எல்லா இடத்திலும் உறிஞ்சப்படுகிற மருந்து இல்லை. சிறுகுடலின் மேல்பகுதிதான் அதற்கு நல்ல இடம். அதைத் தாண்டிக் கீழே போய்விட்டால் ரத்தத்துக்குள் போவது நன்றாகக் குறைந்துவிடும். ஆகவே மெதுவாக மருந்து விடுகிற குளிசை எவ்வளவு நேரம் மேலே, இரைப்பையில், தங்குகிறதோ அவ்வளவு நல்லது. அங்கே இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சொட்ட வேண்டும்.

தங்கவைப்பது எப்படி? மட்டக்களப்பு ஆட்களுக்கு, வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தைச் சொன்னால் விளங்கும். சாப்பாடு உள்ளே இருக்கும்வரை இரைப்பையின் வாசல் மணல் மூடிய முகத்துவாரம் மாதிரி. கரைந்து கூழானது மட்டும் கசியும். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகளைப் பெரும்பாலும் திருப்பி உள்ளே தள்ளும். ஊதிப்போன குளிசையும் உள்ளேயே நிற்கும். ஆனால் வெறும் வயிற்றில் கதை வேறு. ஒன்றரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெரிய அலை ஒன்று வந்து மிச்சம் மீதி எல்லாவற்றையும் கூட்டித் தள்ளும். மாரியில் முகத்துவாரம் வெட்டிவிட்ட மாதிரி, குளிசையும் சேர்ந்து ஓடிவிடும்.

எக்ஸ்.ஆர். மெட்போமினைச் சாப்பாட்டோடு போட்டால், வெறும் வயிற்றில் போடுவதைவிட ஏறக்குறைய அரைப்பங்கு கூடுதலாக உடம்பில் சேர்கிறது. சாதா மெட்போமினுக்கு நேர்மாறு, சாப்பாடு அதன் சேர்மானத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனாலும் வயிற்றைக் காப்பாற்றுவதற்காக அதையும் சாப்பாட்டோடுதான் போடச் சொல்வார்கள்.

அப்புறம் இரவு ஏன்? சாதா மெட்போமின் ரத்தத்தில் உச்சத்துக்கு வர இரண்டரை மணி நேரம் போல. எக்ஸ்.ஆர். குளிசைக்கு ஏழு மணி நேரம் போல. இரவு எட்டுக்குப் போட்டால் சாமம் மூன்று. அந்த நேரம் நாம் ஒன்றும் சாப்பிடாமல் படுத்திருப்போம், ஈரல் சும்மா இராது, தன் கையிருப்பிலிருந்து சீனி செய்து ரத்தத்துக்குள் விட்டுக்கொண்டிருக்கும். சீனி வருத்தக்காரருக்கு இந்த உற்பத்தி அளவு மீறிப் போகும். இரவு ஒன்றும் தின்னாமலேயே காலையில் சீனி ஏறி நிற்கிறதே என்று ஆட்கள் அழுவது இதனால்தான். மெட்போமினின் முக்கிய வேலை ஈரலின் அந்தக் கையைப் பிடிப்பது.

உச்சமும் சாதா குளிசையைவிட ஐந்தில் ஒரு பங்கு போலத் தாழ்வு. மொத்தமாகச் சேருவது கிட்டத்தட்ட ஒன்றே. வயிறு தப்புவது இந்த மெதுவால்தான்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: புட்டும் குளிசையும் ஒன்றாக. நாடகம் பிறகு.

படுவான்கரைப் போடி | திங்கள், இரவு 7.45

இதைத் துருசு, குளத்து மதகு, என்று சொல்லியிருந்தால் எனக்கு முதலே விளங்கியிருக்கும் தம்பி. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை ஒரேயடியாகத் திறந்தால் வட்டையில் மேல்வரவைக்காரன், அதாவது முதலில் தண்ணீர் எட்டுகிற வயல்காரன், குடித்தது போக மிச்சம் வடிச்சலில் ஓடும், வரம்பும் உடையும். தண்ணீர் பங்கிடுகிற விதானையார் அளந்து விட்டால் அந்த மேல்வரவைக்கே நாள் முழுக்கப் பாயும். இதில் குளம் இரைப்பை, மேல்வரவை மேல்குடல். சரியா?

குளிசைக்கடைக்காரன் | திங்கள், இரவு 8.02

என்னுடையதைவிட நல்ல விளக்கம். இனிக் கடையில் இதைத்தான் சொல்லப் போகிறேன்.

சந்தேகப் பிராணி | திங்கள், இரவு 9.10

கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. கோது வெறுங்கோதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? யாராவது கண்ணால் கண்டீர்களா?

ஒலுவில் பொடியன் | செவ்வாய், இரவு 11.50

கண்டேன். வாப்பாவின் குளிசை ஒன்றை நேற்று இரவு களவெடுத்தேன், அவருக்குச் சொல்லவேண்டாம்.

இரண்டு கிளாஸ், இரண்டிலும் இளஞ்சூட்டுத் தண்ணீர். ஒன்றில் எக்ஸ்.ஆர்., மற்றதில் உம்மாவின் சாதா மெட்போமின். சாதாக் குளிசை கால் மணி நேரத்துக்குள் பொரிந்து அடியில் வெள்ளை மண்ணாகப் படிந்துவிட்டது. எக்ஸ்.ஆர். அரை மணி நேரத்தில் விரலுக்கு வழுக்கியது, அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் பக்கவாட்டில் பருத்து, ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் வெள்ளை. கஞ்சியில் பாதி வெந்த சவ்வரிசியில் ஒரு வெள்ளைக் கண் தெரியுமே, அச்சாக அது. மணிக்கு ஒருக்கால் கிளாஸை ஆட்டித் தண்ணீரையும் மாற்றினேன். சுபஹுக்கு எழும்பிப் பார்த்தேன், கண் சின்னதாகியிருந்தது. இன்று பகல் முழுக்க விட்டுவிட்டு இப்போது பார்த்தால் கண்ணே இல்லை. ஒரு களித்துண்டு மட்டும், குளிசையின் உருவத்திலேயே. விரலால் நசுக்கினேன், பல்லி முட்டை மாதிரி பிதுங்கியது.

முதல் ஊற்றிய தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். கடும் கசப்பு. கடைசியாக ஊற்றியதில் கசப்பு மிகக் கொஞ்சம்தான் தெரிந்தது. இதற்கு மேல் அத்தாட்சி என்னிடம் இல்லை, நான் பொறியியல் படிக்கிறவன், மருந்தியல் இல்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறு ஒரு வகை. கிளிபிசைட் எக்ஸ்.எல். என்ற சீனிக் குளிசையில் களி விளையாட்டு இல்லை, உள்ளே ஒரு பம்பே இருக்கிறது. கரையாத ஓடு, அதில் லேசரால் போட்ட ஒரு பொட்டுத் துளை. உள்ளே இரண்டு அடுக்கு, மேலே மருந்து, கீழே ஊதுகிற பொருள். ஓட்டுக்குள்ளால் தண்ணீர் ஊறிப்போக, கீழடுக்கு ஊதி மேலடுக்கைத் துளை வழியாகப் பிதுக்கும். அதன் ஓடு கட்டாயம் வெளியே வரத்தான் வேண்டும், ஏனென்றால் அது கரையவே கரையாது.

சந்தேகப் பிராணி | புதன், காலை 7.20

சரி, ஒத்துக்கொள்கிறேன். கசப்பை நக்கிப் பார்த்த தம்பிக்கு ஒரு சலாம். ஆனால் விலை பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன்.

குளிசைக்கடைக்காரன் | புதன், காலை 8.40

வாங்கவேண்டாம். நானே சொல்கிறேன்: சாதா மெட்போமின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற ஒருவர் எஸ்.ஆர். குளிசைக்கு மாறக் கட்டாயம் எதுவுமில்லை. சீனியைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி. மெதுவாக விடுவதால் மருந்து "பவர் கூடியது" ஆகிவிடாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை என்ற வசதியும், வயிற்றுக்குச் சுகமும்தான் அந்த மேலதிகக் காசுக்குக் கிடைப்பவை. கிளினிக் குளிசை ஒத்துப்போனால் அதையே போடுங்கள். இப்படிச் சொல்லியே என் வியாபாரம் இந்த அளவில் நிற்கிறது.

வாவிக்கரை மகளின் அம்மா சொன்னதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. மெட்போமினில் பாதியோ அதற்குச் சற்று மேலோதான் ரத்தத்துக்குள் போகும். மிச்சம் குடல் வழியே வெளியேறும். ஆனால் சாதா குளிசையிலும் அதே கதைதான், கண்ணுக்குத் தெரியாததால் யாரும் கவலைப்படுவதில்லை. ரத்தத்துக்குள் போனதும் ஈரலில் சிதையாமல், இருந்தபடியே சிறுநீரோடு போய்விடும். சிறுநீரகம் பழுதானால் மருந்து தேங்கும் என்பதால்தான் டொக்டர் கிரியாட்டினின் சோதனைக்கு எழுதுகிறார். அதைத் தவறவிடாதீர்கள்.

மருதமுனைக் காக்கா | புதன், இரவு 10.05

இடிக்கிற கதையில் என் வாப்பாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருக்கு கிளிக்லசைட் எம்.ஆர். என்ற மெதுவான சீனிக் குளிசை, காலைச் சாப்பாட்டோடு. தொண்டையில் சிக்குது என்று கடைவாயில் போட்டு நன்றாக மென்று விழுங்குவார். எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் ஒரு பிளேன்டீயோடு குளிசையையும் மென்றுவிட்டு, வந்து தின்கிறேன் என்று வயலுக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு ஆட்கள் வரம்பிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாரன் பிழியலாம், அவ்வளவு வியர்வை. என்னை என் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சீனி 41.

நாலு கரண்டி சீனி கரைத்துக் குடிக்கக் கொடுத்தோம், எழும்பி உட்கார்ந்தார். வீட்டுக்குப் போவோம் என்று நின்றவரை விடாமல் ஆஸ்பத்திரியில் ஒரு இரவு மறித்து வைத்தார்கள். இது நாள் முழுக்க வேலை செய்கிற மருந்து, ஏறிய சீனி திரும்ப இறங்கலாம் என்று சொன்னார்கள். சொன்னபடியே பின்னேரம் திரும்ப இறங்கியது.

கேட்க வந்தது வேறு. நோன்பு வந்தால் இந்த மெதுவான குளிசைகளை எப்படிப் போடுவது?

கல்லடித் தாதி | வியாழன், காலை 5.50

ஓய்வுபெற்ற தாதி நான். காக்கா, உங்கள் வாப்பாவின் கதையைத்தான் எல்லோரும் இரண்டு தரம் வாசிக்கவேண்டும். மெட்போமினை மென்றால் வயிறு கெடும், தனியே அது சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்லசைட் அப்படி இல்லை. அது கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்கவைப்பது, சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்காது. சாதா கிளிக்லசைட் 80 மில்லிகிராம் செய்கிற வேலையை எம்.ஆர். 30 மில்லிகிராம் செய்யும். ஆகவே எண்ணைப் பார்த்துக் குறைந்த மருந்து என்று நினைக்கவும் கூடாது, ஒன்றுக்குப் பதில் மற்றதை எண்ணிப் போடவும் கூடாது. எம்.ஆர். 60இல் நடுவில் கோடு இருந்தால் கோட்டில் பாதியாக முறிக்கலாம், ஆனால் மெல்லவோ இடிக்கவோ கூடாது. கோடு இல்லாததை முறிக்கவே வேண்டாம்.

நோன்புக்கு: ஒரு தடவை போடுகிற எக்ஸ்.ஆர். மெட்போமினை நோன்பு திறந்து சாப்பிடும்போது போடச் சொல்வதுதான் வழக்கம். கிளிக்லசைட் எம்.ஆர். குளிசையையும் காலையிலிருந்து அந்த நேரத்துக்கு மாற்றுவார்கள், சிலருக்கு அளவையும் குறைப்பார்கள். ஆனால் ஒரு தடவை 41க்கு இறங்கிய ஆள் நோன்பு பிடிக்கலாமா என்பதையே டொக்டர்தான் சொல்லவேண்டும். தலைப்பிறை அன்று போகாமல் ஒன்றிரண்டு மாதம் முன்னதாகப் போங்கள்.

தங்கச்சிக்கு: அம்மாவுக்கு விழுங்கக் கஷ்டமாக இருந்தால் ஒரு கரண்டி எருமைத் தயிருக்குள் முழுக் குளிசையைப் புதைத்துக் கொடுத்துப் பாருங்கள், கொமட்டுக்குள் எது வந்தாலும் பயப்படவேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஆனால் போட்டு ஒரு மணி இரண்டு மணிக்குள் ஊதாமல், கல்லு மாதிரியே வந்தால் அது வேறு, டொக்டருக்குச் சொல்லவேண்டும். நெடுநாள் மெட்போமின் என்றால் ஒருமுறை விற்றமின் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கால் எரிவு எப்போதும் சீனியால்தான் வரும் என்று இல்லை, சிலருக்கு இந்த மருந்து பி12ஐக் குறைப்பதாலும் வரும்.

படுவான்கரைப் போடி | வியாழன், இரவு 8.30

இந்த இங்கிலீஷ் குளிசையெல்லாம் விட்டுவிட்டு இரவில் கொத்தலஹிம்புட்டு என்ற மூலிகைக் கட்டையில் செய்த கோப்பையில் தண்ணீர் வைத்துக் குடி என்று என் மச்சான் ஒரே தொல்லை.

குளிசைக்கடைக்காரன் | வியாழன், இரவு 9.15

மச்சானிடம் சொல்லுங்கள், மெட்போமினின் பாட்டியும் ஒரு செடிதான். ஐரோப்பாவில் 'கோட்ஸ் ரூ' என்ற செடி ஒன்றில் இருந்த பொருளைப் பின்தொடர்ந்து போய்த்தான் இதைச் செய்தார்கள். பிரான்ஸ் வைத்தியர் ஜான் ஸ்டேர்ன் 1957இல் சீனி வருத்தத்துக்கு இது உதவுவதை எழுதினார். அவர் வைத்த குளுக்கோபேஜ் என்ற பெயருக்கு அர்த்தமே சீனி தின்னி. மெதுவான குளிசை அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2000ஆம் ஆண்டில்.

கோப்பைத் தண்ணீர் குடித்தால் டொக்டரிடம் மறைக்காதீர்கள். அதுவும் சீனியை இறக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு இறங்கும் என்று அளந்துதான் பார்க்கவேண்டும்.

வாவிக்கரை மகள் | பத்து நாள் கழித்து, இரவு 8.10

எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்று வந்தேன். இடிப்பதை நிறுத்தி மூன்றாம் நாள் ஓட்டம் நின்றது. தயிருக்குள் வைத்துக் கொடுத்தால் சத்தமில்லாமல் இறங்குகிறது. ஒலுவில் தம்பி செய்த மாதிரி ஒரு குளிசையைக் கிளாஸில் போட்டு மேசையில் வைத்தேன். அம்மா இரவு எழும்பும் போதெல்லாம் ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் படுத்தார். மறுநாள் பக்கத்து வீட்டு மாமியைக் கூட்டிக்கொண்டு வந்து, "மருந்து கழண்டு போச்சு, இது சும்மா சட்டை கா" என்று விளக்கம் சொன்னார். இன்று காலைச் சீனி 138.

குளிசைக்கடைக்காரன் | அன்றே, இரவு 8.25

நல்லது தங்கச்சி. உரலைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

வாவிக்கரை மகள் | அன்றே, இரவு 8.31

கொடுத்தேன். மூன்று தரம் புளி போட்டுக் கழுவியும் பாக்கு கசக்கிறதாம். புது உரல் கேட்கிறார்.